அவித்த மா

அந்தக் குளிர்காலம் முழுவதும் என் நாக்கைப் பார்க்காமல் என் மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்ததில்லை. குசினி யன்னலோரமாக என்னை நிறுத்தி, "ஆ எண்டுங்கோ" என்பாள். கைபேசி விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்ப்பாள். தயிர் சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்க மறந்தவன் நாக்குப் போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சுரண்டினால் கொஞ்சம் போகும். கீழே சிவந்து எரியும். பிறகு திரும்ப வந்துவிடும். "கூடிட்டுது" என்பாள், இல்லாவிட்டால் "நேற்றையப் போலத்தான்" என்பாள். குறைந்திருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை.

நான் பாண், அதாவது ரொட்டி, சுடுகிறவன். பாரிசில், ஸ்டாலின்கிராட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாண் கடை. தட்டுக் கழுவத்தான் அங்கே சேர்ந்தேன். பிறகு மாவைத் தூக்கினேன், பிறகு குழைத்தேன், பிறகு ஒரு நாள் பத்றோன் அடுப்பையே என்னிடம் விட்டுவிட்டார். பத்றோன் என்றால் முதலாளி. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் எங்கள் ஆட்கள் யாரும் முதலாளி என்று சொல்வதில்லை. முழங்கால் நோவோடு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிரெஞ்சுக்காரர். பாணை அழுத்திப் பார்த்து, மணந்து பார்த்து வாங்கும் கிழவிகள், "இன்றைக்கு அடுப்பில் அவரா?" என்று என்னைப் பற்றி அவரிடம் கேட்பார்கள். எனக்கு இந்த நாட்டில் வேறு பெருமை கிடையாது. படிப்பு இல்லை, மொழி அரைகுறையாக வந்து ஒரு மாதிரி நிமிர்ந்தது, சொந்த வீடு இல்லை. பாண் மட்டும் என்னைப் பற்றி நல்லதாகப் பேசியது.

ஆகவே, வயிறு ஊதியும் உடம்பு வற்றி, இடுப்புப் பட்டியில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தபோதும், மாவை உருட்டிக்கொண்டிருக்கும்போதே கக்கூசுக்கு ஓட வேண்டி வந்தபோதும், நான் டொக்டரிடம் போகவில்லை. பயம். எங்களோடு வேலை செய்த மாலி நாட்டுக்காரன் ஒருவன் இருமல் என்று போனான். மாத்தூசி உனக்கு ஒத்துக்கொள்ளாது, வேலையை விடு என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு துணிக்கடை வாசலில் காவல் நிற்கிறான். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் கையைக் காட்டுவான். நானும் காட்டிவிட்டு விறுவிறென்று நடந்துவிடுவேன்.

நோயைக் கண்டுபிடித்தவன் என் மனைவியின் தம்பி. காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை, மிச்ச நேரம் முழுக்க வீடியோ. ரூ பெர்தொனே தெருவில் உள்ள சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசைக்காரர் வடையைக் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி, என்னை வாயைத் திறக்கச் சொன்னான்.

"அத்தான், இது ஈஸ்ட்" என்றான். "உங்கட வயித்துக்குள்ள ஈஸ்ட் வளருது. நாக்கிலை தெரியிறது வெளியிலை வந்தது. உள்ளுக்கை இதைவிடக் கூட."

"ஈஸ்ட் எப்பிடி வயித்துக்கை போகும்?"

"என்ன கேள்வி? நாள் முழுக்க அதைத்தானே சுவாசிக்கிறியள், அதைத்தானே தின்னுறியள். பாணிலை இருக்கிற குளூட்டன் குடலை அரிச்சு விடும். அந்த இடத்திலை ஈஸ்ட் போய்க் குந்தும். சீனி குடுத்தால் இன்னும் பொங்கும். பட்டினி போட்டுத்தான் கொல்லவேணும். இரண்டு மூண்டு மாசம். பிறகு நீங்கள் பழைய ஆள்."

எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது! ஈஸ்ட் என்றால் துரத்தலாம். பட்டினி போடலாம், கொல்லலாம், பிறகு அடுப்புக்கு முன்னால் பழையபடி நிற்கலாம். அவன் சொன்னதில் குளூட்டன் என்ற சொல்லும் இருந்தது. அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈஸ்டைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் கொண்டுவரச் சொன்னேன்.

வீட்டில் ஆட்சி மாறியது. பாண் கூடாது, சீனி கூடாது, பழம் கூடாது, பியர் கூடவே கூடாது. புளிக்க வைத்த எதுவும் கூடாது என்றபடியால் தோசையும் போயிற்று. ஆவியில் அவித்தால் ஈஸ்ட் செத்துப்போகும் என்று மச்சான் சொல்லியிருந்தான். ஆகவே ஆவியில் அவிந்தது மட்டும்தான் வீட்டில். காலையில் புட்டு, இரவில் இடியப்பம், அல்லது மாறி. என் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மாவைத் துணியில் கட்டி அவித்து, கட்டி உடைத்து, அரித்து, டின்னில் அடைப்பாள். யன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வடியும். குசினியில் ஒரு பாண் துண்டு இருக்கவிடவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் ஒரு குரோசோன் பணிஸ் வாங்கி வந்தால் படிக்கட்டில் நின்றே தின்று முடித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

மாதங்கள் போயின. நான் பழைய ஆள் ஆகவில்லை. இன்னும் மெலிந்தேன். சேட்டுக்குள் நானும் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டிய நிலை. கோபம் மூக்குக்கு மேல் நின்றது. ஈஸ்ட் சாகும்போது உடம்பு இப்படித்தான் போராடும் என்று மச்சான் தொலைபேசியில் தைரியம் சொன்னான். பட்டினி கிடந்தது ஈஸ்டா நானா என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

வசந்தத்தில் ஒரு காலை, அடுப்பிலிருந்து தட்டை இழுத்தவன் தட்டோடு தரையில் கிடந்தேன். பத்றோன் கடையைப் பூட்டிவிட்டு, அந்த முழங்காலோடு என்னைத் தன் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தகவல் தெரிந்து என் மனைவி மெத்ரோ ரயிலில் தலைதெறிக்க வந்து சேர்ந்தாள்.

டொக்டர் நடுவயதுப் பெண். என் வாயைப் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "இரத்தத்தில் இரும்பே இல்லைப் போலிருக்கிறது" என்றார். ஈஸ்ட் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். வாயில் தெரிவது அதுதான், மருந்து தருகிறேன், போய்விடும். ஆனால் அது கதவை உடைத்து வந்த கள்ளன் இல்லை, திறந்து கிடந்த வீட்டுக்குள் வந்தது. கதவை யார் திறந்தது என்று பார்க்க வேண்டும். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை, அதுதான் இரும்பு இல்லை, உடம்பு நோஞ்சானாகியபடியால்தான் வாயில் பூஞ்சை. இப்படி நிதானமாகச் சொன்னார். பிறகு நான் எதற்குப் பயந்தேனோ அதைச் சொன்னார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் சிலருடைய குடலைக் கெடுக்கும், அதுவாக இருக்கலாம், இரத்தம் சோதிக்க வேண்டும்.

"பாணை விட்டு மாசக்கணக்கு" என்றேன்.

டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. விட்டுவிட்டால் சோதனை ஒன்றும் காட்டாது என்றார். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துகிறவர்கள் எல்லாருடனும் இதே தொல்லை. சரியான பதில் வேண்டுமானால் சில வாரம் திரும்பவும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். ஆனாலும் இப்போதே ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்றார். நான் மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவளுக்கு அதற்குள் ஒரு நிம்மதி. "ஒண்டும் காட்டாது, பாருங்கோ" என்றாள். "என்ர வீட்டிலை ஒரு துகள் இல்லை."

காட்டியது. எக்கச்சக்கமாகக் காட்டியது. "நீங்கள் நிறுத்தவே இல்லை" என்றார் டொக்டர். "ஒவ்வொரு நாளும் கோதுமை சாப்பிடுகிற ஒருவருடைய இரத்தம் இது." அவர் குற்றம் சாட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்திலிருந்த என் மனைவிக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும்.

வீட்டுக் கதவு சாத்தியதும் தொடங்கினாள்.

"அங்கை களவாய்த் தின்னுறியள்."

"இல்லை."

"நான் விடிய எழும்பி மா அவிக்கிறன். நீங்கள் அங்கை போய் பாண் தின்னுறியள். என்னை என்ன விசரி எண்டு நினைச்சியளோ?"

"கர்த்தர் அறிய ஒரு துண்டு வாயிலை வைக்கேல்லை."

"கர்த்தரை ஏன் இதுக்கை இழுக்கிறியள்?"

அதற்குப் பிறகு நான் வேலையால் வந்தால் என் சேட்டை மணந்து பார்ப்பாள். பாண் கடைக்காரனுடைய சேட்டு பாண் மணக்காமல் மல்லிகைப் பூவா மணக்கும்? ஒரு நாள் கடைக் கண்ணாடிக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், மரக்கறிப் பையோடு அவள் நின்றதைக் கண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.

"இஞ்சை என்ன செய்யிறீர்?"

"சும்மா வந்தனான்."

"சும்மா வாறதுக்கு வேற தெரு இல்லையோ?"

தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ இரைந்துகொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். அவள் கண்ணில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. நான் செத்துப்போவேன் என்று அவள் நினைத்திருந்தாள். அது தெரிந்தும் நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டேன். என்னை நம்பாதவளிடம் எனக்கென்ன பேச்சு என்ற திமிர்.

ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சந்தேகமில்லை என்றார்கள். நோய்க்குச் சீலியாக் என்று பெயர். வாழ்நாள் முழுக்க ஒரு துளி கோதுமை கூடாது. பிறகு சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார்கள். சமைக்கிறவரையும் கூட்டி வாருங்கள் என்றபடியால் மனைவியும் வந்தாள். நல்ல சீலை உடுத்தி வந்தாள். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

அந்தப் பெண் இளையவள், பொறுமைசாலி. ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறார், எப்படிச் சமைக்கிறீர்கள், எல்லாம் சொல்லுங்கள் என்றாள். என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதக்கணக்காக அவளுடைய கண்டிப்பைக் கேட்க ஒருவர் கிடைத்தார். பாண் இல்லை, பிஸ்கட் இல்லை, புளித்தது இல்லை, எல்லாம் ஆவியில் என்று சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு வந்தாள். புட்டு என்றால் என்ன என்று கேட்டாள்.

"பாதி சிவப்பரிசி மா" என்றாள் என் மனைவி. "வறுத்தது. மற்றப் பாதி கோதுமை மா, அவிச்சது. தனி அரிசிமா எண்டால் வறண்டு தொண்டையிலை அடைக்கும். இடியப்பத்துக்கும் அப்பிடித்தான். அவிச்ச மா எண்டபடியால் ஒண்டும் செய்யாது எண்டு சொல்லுங்கோ."

நான் சொல்லத் தொடங்கினேன். பாதி அரிசி மா என்றேன். பாதி கோதுமை மா என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் மண்டைக்கு எட்டியது. நாள் முழுக்க மூட்டை மூட்டையாகத் தூக்கும் அதே மா. எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், ஊரிலிருந்து வந்த எல்லார் வீட்டிலும் அப்படித்தான் புட்டு. ஆவியில் ஈஸ்ட் சாகும். மச்சான் சொன்னது அதில் சரி. குளூட்டன் உயிர் இல்லையே சாவதற்கு. நாங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, அவித்து, காலையும் இரவும் தேங்காய்ப்பூவோடு தின்றிருக்கிறோம். ஈஸ்டுக்குப் பயந்து மற்றதையெல்லாம் விட்டபடியால் முன்பைவிடக் கூடுதலாகத் தின்றிருக்கிறேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏன் எழுதேல்லை?" என்றாள் என் மனைவி. "நான் பிழையாய்ச் சொல்லிட்டனோ?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மனைவியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மனைவி முதலில் சண்டைக்கு வந்தாள். ஊரெல்லாம் இதைத்தானே சாப்பிடுகிறது, அவர்களெல்லாம் செத்தா போனார்கள் என்று கேட்டாள். பிறகு பேயறைந்தது போல உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, நல்ல சீலையோடேயே, டின்னில் இருந்த மாவைக் குப்பைப் பையில் கொட்டினாள். நான் தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டாள்.

"நான் நஞ்சை ஊட்டிக் கொண்டிருந்திருக்கிறன்" என்றாள். "உங்களைப் போய்க் களவாய்த் தின்னுறியள் எண்டும் சொன்னன்."

பையின் வாயைக் கட்டிவிட்டு வேறொரு குரலில் கேட்டாள்: "அப்ப பாண் கடையாலை இல்லைத்தானே? புட்டாலைதானே?"

அடுத்த தடவை போனபோது டொக்டர் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் சாப்பாடு சுத்தமாகட்டும் என்றார். மாத்தூசி மூக்காலும் வாயாலும் போய்த் தொண்டையால் வயிற்றுக்குள் இறங்கக்கூடும், முகமூடி போட்டு வேலை செய்து பாருங்கள், ஆறு மாதம் கழித்து இரத்தம் சொல்லும். இரத்தத்தில் அந்த அளவு குறைந்தால் அடுப்பு எனக்கு. குறையாவிட்டால் இல்லை. பத்றோனிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் தானே போய் முகமூடிப் பெட்டி வாங்கி வந்து வைத்தார்.

அந்த ஆறு மாதமும் என் மனைவி தவம் கிடந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தனி அரிசிமாப் புட்டு வறண்டு, இடியப்பம் நொறுங்கி, மகள் பிரெஞ்சில் முறைப்பாடு சொன்னாலும் அவள் அசையவில்லை. என் நாக்கு வெளுப்பு விட்டுச் சிவந்தது. கொஞ்சம் சதை பிடித்தது. காலையில் வாயைப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றாள், முதல் தடவையாக. எனக்கும் நம்பிக்கை வந்தது. அடுப்புக்கு முன்னால் முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தேன். ஆனால் வேலை முடிந்து மூக்குச் சிந்தினால் கடதாசியில் வெள்ளையாக வரும். அதை மடித்துக் குப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

இலை உதிரும் காலத்தில் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். குறைந்திருக்கிறது, ஆனால் குறைய வேண்டிய அளவுக்கு இல்லை என்றார் டொக்டர். எங்கிருந்தோ இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்றார். மனைவியிடம் சொன்னேன். "அப்ப நான்தான் இன்னும் எங்கையோ பிழை விடுறன்" என்றாள். எங்கிருந்து போகிறது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும், வேலையை விடுகிறேன் என்று பத்றோனிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரை நின்று ஒரு பெடியனுக்கு அடுப்பைப் பழக்கிவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். வீட்டுக்கு நடந்தேன். ரூ காய் தெருவில் இரண்டு தடவை மேலும் கீழும் போனேன். அவளுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாலிக்காரனைப் போல ஏதோ ஒரு வாசலில் நிற்கும் என்னை அவள் பார்க்கப்போகிறாள் என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றினேன். குசினித் தரை முழுக்கப் போத்தல், டின், பைக்கற். நடுவில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி, கையில் ஒரு சின்ன மஞ்சள் டப்பா. ஒரு வருசமாக நான் காணாத சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"இஞ்சை பாருங்கோ, பெருங்காயம்! இதுக்குள்ளையும் கோதுமை மா கலந்திருக்காம், சின்ன எழுத்திலை போட்டிருக்கினம். ரசத்துக்கு, பருப்புக்கு, ஒவ்வொரு நாளும் போட்டிருக்கிறன்." காணாமல்போன தாலிக்கொடி கிடைத்தவள் போல டப்பாவை ஆட்டிக் காட்டினாள். "பாண் கடை இல்லை, நான்தான். இதை எறிஞ்சால் சரி. நீங்கள் ஒண்டும் விடத் தேவையில்லை."

"நான் சொல்லிப்போட்டு வந்திட்டன்" என்றேன்.

"ஆருக்கு?"

"பத்றோனுக்கு."

சிரிப்பு உடனே போய்விடவில்லை. அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பி, போத்தல்களைத் தாண்டி, வாசலுக்குப் போனாள்.

"திரும்பிப் போய்ச் சொல்லுங்கோ. என்ர மனுசியிலைதான் பிழை எண்டு சொல்லுங்கோ. அந்த மனுசனுக்கு விளங்கும்."

கழற்றி வைத்த என் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள். கயிற்றின் மடிப்புகளிலும் விளிம்பிலும் அன்றைய மா வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் குனிந்து, நான் காணவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதைத் தன் உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.